வாணிக்கா வீட்டு வாசலில் முடிந்த கோடு

இருபத்தேழு வயதில் ஓய்வு பெறுகிறேன் என்று சொன்னால் கடையில் எல்லாரும் சிரிக்கிறார்கள். ஐந்து வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் விடிவதற்கு முன் எழுந்தவளுக்கு அந்தச் சொல்லைப் பயன்படுத்த உரிமை உண்டு என்பது என் கட்சி. அடுத்த மாதம் முதல் எனக்குச் சிங்கப்பூரில் வேலை. நம் சைக்கிள் கடையின் ஞாயிறு சவாரியை இனி நடத்தப்போகிறவர்கள் நீங்கள் மூன்று பேர். அதனால் இது உங்களுக்கு.

பஞ்சர் ஒட்டுவது, கழன்ற செயினை மாட்டுவது, மழை பிடித்தால் எந்தப் பாலத்தடியில் ஒதுங்குவது என்பதையெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அதில் நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். துறைமுக லாரி பின்னால் வரும்போது கூட்டத்தை எப்படி ஒற்றை வரிசையாக்குவது என்பதும் இரண்டே வாரத்தில் உங்கள் தொண்டைக்குத் தானாக வந்துவிடும். நான் சொல்ல நினைப்பது, நான் செய்த ஒரு தப்பைப் பற்றி. சோம்பலில் செய்த தப்பு என்றால் எழுதவே தேவையில்லை. உற்சாகத்தில், அன்பில், கடையின் விதியை ஒழுங்காகப் பின்பற்றியதில் நடந்த தப்பு. நீங்களும் என்னைப் போலவே துடிப்பானவர்கள், அதனால்தான் பயமாக இருக்கிறது.

சம்பந்தப்பட்ட அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "வடை இருக்கட்டும், பேரு வேணாம்" என்றார். ஆகவே வாணி என்பது அவர் பெயரல்ல. அவர் மகள் பெயரும் இனியா அல்ல.

முதலில் அந்த விதி. நம் பாஸ், அதாவது கடை முதலாளி, அதை ஏன் வைத்தார் என்று உங்களுக்குத் தெரியாது. நான் சேர்வதற்கு முன்னால் ஒரு ஞாயிறு, சவாரி முடிந்து தனியாக வீட்டுக்குப் போன ஒரு பெண்ணை லாரி உரசிவிட்டது. அவர் சாக்கடையில் விழுந்து கிடந்தது அரை மணி நேரம் யாருக்கும் தெரியவில்லை. உயிர் பிழைத்தார். ஆனால் பாஸ் அன்றிலிருந்து ஒரு வழக்கம் கொண்டுவந்தார். கூட்டத்தில் கடைசியாகப் போகிறவருக்குக் 'கடைசி ஆள்' என்று பெயர். தனியாகப் போகிற ஒவ்வொருவரையும் அவர் வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விட வேண்டும்.

"கேட் மூடுற சத்தம் காதுல விழணும்" என்பார் பாஸ். "கைய ஆட்டிட்டுப் போய்ட்டாங்கன்னு எங்கிட்ட வந்து சொல்லாத. சத்தம் கேட்டுச்சா இல்லையா, அத சொல்லு."

கடைசி ஆள் தன் சவாரியைச் சைக்கிள் செயலியில் பதிவு செய்து, போன பாதையை வரைபடமாக ஏற்றவும் வேண்டும். பாஸ் வீட்டில் உட்கார்ந்து அந்த வரைபடத்தைப் பார்ப்பார். சிவப்பு நிறக் கோடு ஒவ்வொரு வீட்டையும் தொட்டிருந்தால்தான் அவருக்கு மதியச் சாப்பாடு இறங்கும்.

இப்போது இதைப் படிக்கிற உங்களுக்கு ஏதோ உறுத்தியிருக்கும். எங்களுக்கு உறுத்தவில்லை. தனியாகப் போகிற பெண்கள் அத்தனை பேர் வீட்டையும் தொட்டு வருகிற ஒரு கோட்டை, வாராவாரம், ஊர் பார்க்கப் போட்டுக்கொண்டிருந்தோம். அதற்குப் பாதுகாப்பு என்று பெயரும் வைத்திருந்தோம்.

ஸ்கூடாயில் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது இந்தக் கடையில் பகுதி நேரமாகச் சேர்ந்தேன். அங்கிருந்து பாசிர் கூடாங்குக்குத் தினமும் அந்த நெரிசலில் வந்து போனேன் என்றால் எவ்வளவு பைத்தியம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வருடத்தில் நானே கடைசி ஆள் ஆனேன். எனக்கு அந்தச் செயலி என்றால் உயிர். ஒவ்வொரு சவாரிக்கும் ஒரு தலைப்பு வைப்பேன், படம் போடுவேன், யார் எங்கே மூச்சு வாங்கினார், யார் எங்கே மாட்டைப் பார்த்து அலறினார் என்றெல்லாம் எழுதுவேன். முன்பின் தெரியாதவர்கள் நூற்றுக்கணக்கில் என்னைப் பின்தொடர்ந்தார்கள். பின்தொடர்கிறார்கள் என்ற சொல்லே எவ்வளவு அப்பட்டமாக இருக்கிறது, பாருங்கள். அப்போது அது எனக்கு ஒரு பாராட்டாக மட்டுமே கேட்டது.

"நீ ரைடு லீடரா, ரேடியோ ஸ்டேஷனா?" என்று பாஸ் ஒருநாள் கேட்டார்.

"ரெண்டும்தான் பாஸ். கடைக்கு விளம்பரம்லா."

வாணி அக்கா சேர்ந்தது என் மூன்றாவது வருடத்தில். முப்பத்தேழு வயது. இங்கே ஒரு எண்ணெய்த் தொழிற்சாலையில் பேக்கிங் பகுதிக்கு மேற்பார்வையாளர். சொந்த ஊர் மூவார் என்று மட்டும் சொன்னார். ஒன்பது வயது மகளோடு ஒரு தாமான் குடியிருப்பில், மலாய்க்கார அம்மா ஒருவருடைய வீட்டின் பின்பகுதியில் வாடகைக்கு இருந்தார். பழைய சைக்கிள் ஒன்றை எங்களிடம் வாங்கிய அன்றே அவர் கேட்ட முதல் கேள்வி, கியரைப் பற்றியோ சீட்டைப் பற்றியோ அல்ல.

"இந்த ஆப்புல நாம எங்க இருக்கோம்னு மத்தவங்களுக்குத் தெரியுமா, தர்ஷி?"

அவர் ஏன் அதைக் கேட்கிறார் என்று நான் நின்று யோசித்திருக்க வேண்டும். எனக்கோ பதில் தெரிந்த கேள்வி வந்துவிட்ட சந்தோஷம். போனை வாங்கி மளமளவென்று வேலையை முடித்தேன். கணக்கை மற்றவர் பார்க்க முடியாதபடி பூட்டினேன். பெயரை ஒற்றை எழுத்தாக்கினேன். வீட்டைச் சுற்றி வரைபடத்தில் எதுவும் தெரியாதபடி ஒரு வட்டம் போட்டேன்.

"முடிஞ்சிச்சுக்கா. இனிமே சிஐடியே வந்தாலும் உங்க வீட்டக் கண்டுபிடிக்க முடியாது."

அவர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நெசமா?"

"அக்கா, என்னையவே சந்தேகப்படுறீங்களா?"

அவர் என்னை நம்பினார். அதற்குப் பிறகுதான் ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் வைத்துப் பார்த்தார்.

சவாரி முடிந்து எல்லாரையும் விட்டுவிட்டு வரும் வழியில் வாணி அக்கா வீடுதான் கடைசி. மற்ற வீடுகளில் கேட் மூடும் சத்தம் கேட்டதும் திரும்பிவிடுவேன். இங்கே மட்டும் திரும்ப மாட்டேன். விடியற்காலையிலேயே பருப்பை ஊறவைத்து அரைத்து வைத்துவிட்டுத்தான் சவாரிக்கே வருவார். உள்ளே போய் எண்ணெய்ச் சட்டியை ஏற்றினால் பத்து நிமிடத்தில் சூடாக இரண்டு வடை, செய்தித்தாளில் வைத்து, கேட்டுக்கு மேலாக என் கைக்கு வரும். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நின்றே தின்பேன். அன்றைய சவாரிக்குத் தலைப்பு: 'ஐம்பத்திரண்டு கிலோமீட்டர், எதிர்க்காற்று, கடைசியில் வாணிக்கா வடை.'

அவர் போனைப் பூட்டியது நான்தான். பூட்டிய அவர் வீட்டு வாசலில் பத்து நிமிடம் நின்று, என் போனில் அந்த இடத்தைப் பதித்து, பெயரையும் எழுதி ஊருக்குக் காட்டியதும் நான்தான். இரண்டும் ஒரே ஆள், ஒரே கை. ஒருவருடைய ரகசியம் அவர் போனில் மட்டுமா இருக்கிறது? அவரோடு வருகிற அத்தனை பேர் போனிலும் இருக்கிறது. இந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாலைந்து மாதம் இப்படியே போனது. புதிதாக ஒருவர் என்னைப் பின்தொடர ஆரம்பித்தார். முகப்படம் இல்லை, ஏதோ ஒரு மலையின் படம். அவர் கணக்கில் ஒரு சவாரிகூடப் பதிவாகவில்லை. ஆனால் என் ஒவ்வொரு ஞாயிறு சவாரிக்கும் லைக் போட்டார். சைக்கிளே ஓட்டாத ஆளுக்கு என் வரைபடத்தில் என்ன வேலை? நான் கேட்கவில்லை. ரசிகர் என்று நினைத்தேன்.

ஒரு புதன்கிழமை அவர் ஒரு கருத்து எழுதினார். தமிழில். 'வடையில் இன்னும் சோம்பு போடுகிறார்களா?'

எனக்குச் சிரிப்பு வந்தது. வடை என்றதும் எவ்வளவு நுணுக்கமாகக் கேட்கிறார், பாருங்கள் என்று நினைத்தேன். யோசிக்க நான் எடுத்துக்கொண்ட நேரம் ஒரு சிவப்பு விளக்கு பச்சையாக மாறும் நேரம்தான். பதில் எழுதினேன்: 'நெறைய போடுவாங்க அண்ணே. வந்து சாப்பிட்டுப் பாருங்க.'

அதற்கு அடுத்த ஞாயிறு, வழக்கம்போல அவர் வாசலில் நிற்கிறேன். காலை ஒன்பதரை இருக்கும். இனியா படிக்கட்டில் உட்கார்ந்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். வாணி அக்கா இரண்டாவது வடையை நீட்டினார்.

"மூணாவது ஒன்னு வேணும்கா. உங்களுக்கு இப்ப ஃபேன் எல்லாம் வந்தாச்சு, தெரியுமா?"

"யாருக்கு, எனக்கா? என் மூஞ்சிக்கா?"

"வடைக்கு. ஒருத்தரு சோம்பு போடுவீங்களான்னு கேட்டு எழுதிருக்காரு."

போனை நானே நீட்டினேன். அவர் கையை முந்தானையில், இல்லை, சைக்கிள் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். படித்தார். மறுபடி படித்தார். முகத்தில் எதுவும் மாறவில்லை. அதுதான் எனக்கு முதலில் விசித்திரமாகப் பட்டது. சிரித்துக்கொண்டிருந்த முகம் சிரிப்போடு அப்படியே நின்றுவிட்டது.

"இத எப்ப போட்டாரு?"

"புதன்கெழம."

"நீ என்னா பதில் போட்ட?"

"கீழ இருக்குக்கா."

அதையும் படித்தார். போனை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து மகளிடம், "இனியா, ஸ்கூல் பேக்க எடு" என்றார்.

"இன்னிக்கு ஞாயித்துக்கெழமம்மா."

"தெரியும். எடு."

"யாருக்கா அது?" என்றேன்.

"இவ அப்பா."

பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார், அதுவும் துணிகளை மடித்துக்கொண்டே. மூவாரிலிருந்து மகளைத் தூக்கிக்கொண்டு முதலில் குளுவாங்கில் ஒரு சித்தி வீட்டுக்குப் போயிருக்கிறார். அங்கே அந்த ஆள் கண்டுபிடித்து வந்து கதவை உடைத்திருக்கிறான். அதன் பிறகுதான் இங்கே. இனியாவுக்கு இது மூன்றாவது பள்ளி. பழைய இரண்டு பள்ளிகளின் பேட்ஜும் அவள் பென்சில் பெட்டியில் இருந்தன. அந்தக் குழந்தை புத்தகப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்று, அழாமல், ஒரே ஒரு கேள்விதான் கேட்டது.

"மறுபடியும் பேட்ஜ் மாத்தணுமாம்மா?"

வாணி அக்கா அடுத்த துணியை எடுத்து மடித்தார்.

இங்கேதான் கவனியுங்கள். அவசரம் வரும்போது நம்மைப் போன்றவர்கள் செய்வது என்ன? கை சும்மா இருக்காது. நான் அவரிடம் எதுவும் கேட்காமல் போனைத் திறந்தேன். அந்தக் கருத்தை அழித்தேன். என் பதிலை அழித்தேன். அந்த ஆளைத் தடை செய்தேன். வாணி அக்கா வீட்டில் முடிகிற சவாரிகளை ஒவ்வொன்றாக அழித்தேன். இரண்டு நிமிடம் ஆகியிருக்காது.

"அக்கா, எல்லாத்தையும் தூக்கிட்டேன்."

அவர் மடித்துக்கொண்டிருந்த பாவாடையோடு நிமிர்ந்தார். "எதத் தூக்கிட்ட?"

"அவன் எழுதுனது, நான் எழுதுனது, எல்லாம்."

"ஏன்மா?" என்றார். கோபம் இல்லை அந்தக் குரலில். களைப்பு. "போலீசுக்கு நான் என்னாத்தக் காட்டுவேன்? இப்ப அவனுக்கும் தெரிஞ்சிருக்கும், நமக்குத் தெரிஞ்சிபோச்சின்னு."

இதோடு நிறுத்தினேனா? இல்லை. பரிகாரம் செய்கிற வேகத்தில் அடுத்ததற்குப் போனேன். நம் குழுவின் வாட்ஸப்பில் அறுபது பேர் இருந்தார்கள். 'எல்லாரும் உடனே வாணிக்கா வீட்டுக்கு வாங்க' என்று அடித்து, முகவரியையும் சேர்த்துக்கொண்டிருந்தேன். வாணி அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார். கொஞ்சம் அழுத்தமாகவே பிடித்தார்.

"அறுவது பேருக்கா சொல்லப் போற?"

அனுப்பவில்லை. அன்று காலை நான் செய்யாமல் விட்ட ஒரே தப்பு அதுதான். அதையும் அவர்தான் தடுத்தார்.

"ஒருத்தர மட்டும் கூப்புடு. பேசாத ஆளா பாத்துக் கூப்புடு" என்றார்.

பாஸை அழைத்தேன். கால் மணி நேரத்தில் கடை வேனில் வந்து இறங்கினார். நான் ஓடிப்போய் ஆதியிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். வாணி அக்காவிடம் திரும்பி, "எங்கம்மா போணும்?" என்று மட்டும் கேட்டார்.

"மொதல்ல போலீஸ் பாலாய். ரிப்போட் போடணும்."

"சரி." பைகளைத் தூக்கி வேனில் வைத்தார். போகிற போக்கில் என்னிடம் தணிந்த குரலில், "அவங்க சொல்றத செய். அவங்க சொல்லாதத செய்யாத. இன்னிக்கி உன் மூளைக்கு லீவு" என்றார்.

ஐந்து வருடத்தில் எனக்குக் கிடைத்த ஆகச் சிறந்த வேலைப் பயிற்சி அந்த மூன்று வாக்கியம். உதவி செய்ய வருகிறவர் முதலில் கேட்க வேண்டியது எங்கே போகணும் என்பதைத்தான். என்ன நடந்தது என்பதைப் பிறகு, அவர்களாகச் சொன்னால், கேட்டுக்கொள்ளலாம்.

போலீஸ் நிலையத்தில் ஒரு பெண் போலீஸ்காரர், மலாயில், பொறுமையாகக் கேட்டார். பழைய புகார்களின் நகலை வாணி அக்கா ஒரு பிளாஸ்டிக் உறையில் எப்போதும் வைத்திருந்தார். புதிதாக என்ன ஆதாரம் என்று அந்த அம்மா கேட்டபோது இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அந்த நாற்காலியோடு தரைக்குள் போய்விடலாம் போலிருந்தது. அப்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. யாராவது கருத்து எழுதினால் அந்தச் செயலி எனக்கு ஒரு மின்னஞ்சலும் அனுப்பும். ஒருநாளும் திறந்ததில்லை. தேடினேன். இருந்தது. அந்தக் கணக்கின் பெயர், சோம்பு, புதன்கிழமை, நேரம், எல்லாம் அப்படியே இருந்தன. அதிர்ஷ்டம்தான். என் புத்திசாலித்தனம் என்று எழுத எனக்கும் ஆசைதான், ஆனால் இல்லை. நீங்கள் அதிர்ஷ்டத்தை நம்ப வேண்டாம். எதையும் அழிப்பதற்கு முன் படம் பிடித்து வையுங்கள். அதற்கும் முன்னால், அழிக்கலாமா என்று சம்பந்தப்பட்டவரைக் கேளுங்கள்.

புகாரை அவர்கள் தட்டச்சு செய்து முடிக்கும்வரை வெளியே பெஞ்சில் காத்திருந்தோம். இனியா பாஸோடு எதிர்க்கடையில் ரொட்டி சானாய் சாப்பிடப் போயிருந்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் என் வீட்டுக்கு வந்துருங்கக்கா. ஸ்கூடாய்ல என் ரூம் பெருசுதான். எத்தன நாள் வேணாலும் இருங்க."

அவர் கையை நீட்டினார். "உன் போனக் குடு."

கொடுத்தேன். என் கணக்கைத் திறந்து, மிச்சமிருந்த சவாரிகளை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். அவருடைய வீடு வேறு எதிலாவது தெரிகிறதா என்று தேடுகிறார் என்று நினைத்தேன். ஓரிடத்தில் விரல் நின்றது.

"இது என்னா எடம்?"

பார்த்தேன். ஸ்கூடாய். என் வீட்டுச் சந்து. என் வீட்டு வாசல்.

"செவ்வாக்கெழம, வியாழக்கெழம, ஆறு மணிக்கு நீ தனியா கெளம்புற. இந்தப் பக்கம் காடு மாதிரி இருக்கே, இதுல போயி, ஏழு பத்துக்கு வீட்டுக்கு வர்ற. வாராவாரம். இத எத்தன பேரு பாக்குறாங்க?"

எண்ணிக்கையைச் சொன்னேன். பெருமையோடு நான் சொல்லிக்கொண்டிருந்த எண் அது.

"எல்லாரையும் ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாதுக்கா."

"அலமாக், தர்ஷி."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு, தன் வீடு பறிபோன அந்தக் காலையில், அதைப் பறித்தவளின் போனை மடியில் வைத்துக்கொண்டு, எனக்கு வட்டம் எப்படிப் போடுவது, எங்கே பூட்டுவது என்று கேட்டுக் கேட்டு, என் கணக்கை அவர் பூட்டினார். நான்தான் அவருக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவள். என் கணக்கில் நான் அதைச் செய்ததே இல்லை. எனக்கு யார் வரப்போகிறார்கள் என்ற எண்ணம். அவர் ஒவ்வொன்றாக அமுக்கிக்கொண்டிருந்தபோது நான் அழுதேன். அவர் நிமிராமலே, "கண்ணத் தொடச்சிக்க, உள்ள இருக்குற அம்மா நீதான் புகார் குடுக்க வந்துருக்கேன்னு நெனச்சிக்கப் போறாங்க" என்றார்.

என் வீடும் ஊருக்குத் தெரிந்த வீடுதான் என்பதால் அங்கே போக முடியாது என்று ஆயிற்று. பாஸ் திரும்பி வந்ததும் விஷயத்தைச் சொன்னோம்.

"என் தங்கச்சி வீடு இருக்கு. அவ சைக்கிளும் ஓட்ட மாட்டா, நடக்கவும் மாட்டா. எந்த மேப்புலயும் அவ இல்ல" என்றார்.

வாணி அக்கா அன்று முதல் தடவையாகச் சிரித்தார்.

பயந்தது வீண்போகவில்லை. மறுநாளே அந்த ஆள் தாமானுக்கு வந்திருக்கிறான். முன்வீட்டு மலாய்க்கார அம்மா பின்னர் வாணி அக்காவிடம் போனில் சொன்னது இது. கேட்டருகே வந்து, வடை சுடும் இந்தியப் பெண் இங்கேதானே இருக்கிறார் என்று மிக மரியாதையாகக் கேட்டானாம். இங்கே நான்தான் இருக்கிறேன், எனக்குக் கறி பஃப்தான் சுடத் தெரியும் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாராம். சத்தம் போட்டு, கேட்டை இரண்டு உதை உதைத்துவிட்டுப் போயிருக்கிறான். அந்த அம்மாவும் புகார் கொடுத்தார். மின்னஞ்சலும் அவர் வாக்குமூலமும் சேர்ந்து, அந்த ஆள் பக்கத்தில் வரக்கூடாது என்று நீதிமன்றம் ஆணை போட்டது. மூவாரில் சைக்கிள் ஓட்டுகிற அவன் நண்பன் ஒருவன் என் தலைப்புகளைப் படித்து, வாணி, வடை என்ற இரண்டு சொல்லையும் அவனிடம் சொல்லியிருக்கிறான் என்பது அப்போதுதான் தெரிந்தது. அந்த நண்பனும் என்னைப் பின்தொடர்ந்தவர்களில் ஒருவன்தான்.

நான் பாஸிடம் வேலையை விடுகிறேன் என்றேன்.

"போ. நீ போய்ட்டா, இந்தத் தப்ப செஞ்சா எப்புடி இருக்கும்னு தெரிஞ்ச ஆளு கடையில யாரு?" என்றார். பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "கோட்டப் போடச் சொன்னது நான்தானே" என்றார். அதோடு அந்த விதி மாறியது. கடைசி ஆள் வாசல்வரை போகலாம், ஆனால் சவாரி முடிந்து கடையைத் தாண்டியதும் பதிவை நிறுத்திவிட வேண்டும். யார் பெயரும், யார் வீட்டுப் பலகாரமும் தலைப்பில் வரக்கூடாது. படம் எடுத்தால், அதில் இருப்பவரிடம் கேட்காமல் போடக்கூடாது. இவையெல்லாம் கடைச் சுவரில் ஒட்டியிருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பின்னால் இருப்பது இந்தக் கதை.

ஏழு வாரம் வாணி அக்கா வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டும் என்று கை பரபரத்தது. அவர் கூப்பிடட்டும் என்று இருந்தேன். எட்டாவது ஞாயிறு ஆறரை மணிக்கு, கடைக்கு முன்னால், சைக்கிளோடு நிற்கிறார். நான் ஓடிப்போய் மனதுக்குள் ஏழு வாரமாக எழுதி வைத்திருந்த மன்னிப்பையெல்லாம் கொட்டினேன். அவர் முழுவதும் கேட்டார்.

"முடிச்சிட்டியா?"

"முடிச்சிட்டேன்கா."

"பின்னாடி டயர்ல காத்து இல்ல. பாரு."

காற்று அடித்துக்கொண்டே, "ஏன்கா திரும்ப வந்தீங்க? நானா இருந்தா இந்தக் கடப் பக்கமே வந்துருக்க மாட்டேன்" என்றேன்.

"வீட்ட விட்டாச்சி. ஞாயித்துக்கெழமையையும் அவனுக்கு விட்டுக் குடுக்கணுமா?" என்றார். பிறகு, "இனியா அதே ஸ்கூல்தான். பேட்ஜ் மாத்தல. அதுக்குத் தோதா ஒரு எடம் பாத்துட்டேன்" என்றார். எங்கே என்று சொல்லவில்லை. கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை.

அன்று சவாரி முடிந்து மற்றவர்களை எல்லாம் விட்டுவிட்டு நாங்கள் இருவர் மட்டும் வந்தோம். போன் என் பையில் அணைந்து கிடந்தது. பெரிய சாலையில் நான்கு வழியும் பிரிகிற சிக்னலில் அவர் பிரேக் பிடித்தார்.

"இதோட போதும் தர்ஷி. இங்கேருந்து நான் பாத்துக்குறேன்."

"அக்கா, பாஸ் வாசல் வரைக்கும்..."

"போய்ச் சேந்ததும் மெசேஜ் போடுறேன். நீ திரும்பு."

சைக்கிளைத் திருப்பினேன். அவர் இடது பக்கம் போனாரா, வலது பக்கம் போனாரா, நேராகப் போனாரா என்று திரும்பிப் பார்க்க வேண்டும் என்று கழுத்து இழுத்தது. பார்க்கவில்லை. ஐந்து வருடத்தில் நான் ஓட்டியதிலேயே கடினமான தூரம் அந்தச் சிக்னலிலிருந்து கடைவரை உள்ளதுதான், அதில் ஒரு மேடுகூடக் கிடையாது.

அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் இப்படித்தான். நான் கடைக்கு வந்து, பால் விடாத தே ஓ ஒன்று வாங்கி வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் செய்தி சீக்கிரம் வரும், ஒருநாள் வெகுநேரம் ஆகும். அவர் வேண்டுமென்றே முன்பின்னாக அனுப்புகிறார் என்பது நாலாவது வாரம்தான் எனக்கு உறைத்தது. நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடத் தெரிந்தவள் நான் என்பது அவருக்குத் தெரியும். அன்றோடு கடிகாரம் பார்ப்பதையும் விட்டுவிட்டேன்.

அடுத்த வாரத்திலிருந்து அந்த நாற்காலியில் உங்களில் ஒருவர் உட்காரப்போகிறீர்கள். அவர் எந்தப் பக்கம் திரும்புகிறார் என்று பார்க்காதீர்கள். செய்தி வரும்வரை கடையை மட்டும் பூட்டாதீர்கள்.

போன ஞாயிறு எனக்கு வந்தது இது: 'வந்துட்டேன். நீ சாப்டியா?'